மகனுக்கு டொய்லெட் பழக்கிய ஏழு மாதங்கள்

எங்கள் வீட்டுச் சாமான் அறையில் மஞ்சள் நிறத்தில் ஒரு பொட்டி சீட், அதாவது சின்னப் பிள்ளைகள் இருந்து சூ, கக்கா போகும் இருக்கை, கிடக்கிறது. வாத்து வடிவம். ஈரம் பட்டால் பாட்டுப் படிக்கும். 2023 மார்கழியில் 6,800 ரூபாய் கொடுத்து வாங்கினேன். மகன் அதில் இருந்த நேரத்தை எல்லாம் கூட்டினாலும் பத்து நிமிடம் வராது. அதை வாங்கிய நாளிலிருந்து அவன் பயமில்லாமல் மலசலகூடம் போகப் பழகிய நாள் வரை ஏழு மாதம் போனது. அதில் நான்கு மாதம் என்னுடைய அவசரத்தால் வீணானது. அந்த நான்கு மாதமும் பிள்ளை பட்ட வலியை நினைத்தால் இப்போதும் நெஞ்சு கனக்கிறது. எனக்கு அப்போது இதைச் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. சின்ன ஆண்பிள்ளை வைத்திருக்கும் யாருக்காவது உதவட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் திருகோணமலை பாலையூற்றில் வீட்டோடு சேர்த்து ஒரு கொம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறேன். போட்டோக் கொப்பி, ரீலோட், பாஸ்போர்ட் படம், அவ்வளவுதான். மனைவிக்கு அரச வேலை. அந்த வருடம் வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. வெள்ளி இரவு வருவார், திங்கள் விடியப்புறம் ஹொரவப்பொத்தானை வழியாகப் போகும் பஸ்ஸில் திரும்புவார். என் அம்மா சாம்பல்தீவில் இருக்கிறார், முழங்கால் வருத்தம், அடிக்கடி வர முடியாது. ஆகவே கிழமை நாட்களில் நானும் மகனும் மட்டும்தான். அப்போது அவனுக்கு இரண்டு வயதும் ஏழு மாதமும். தை மாதம் நேசரியில் சேர்க்கலாம் என்று ஒரு இடத்தில் பேசி, சேர்வுக் கட்டணம் 10,000 ரூபாயும் முதல் மாதக் காசு 3,500 ரூபாயும் கட்டிவிட்டேன். பம்பர்ஸ் இல்லாமல்தான் பிள்ளையை அனுப்ப வேண்டும் என்றார்கள். சரி, கையில் மூன்று கிழமை இருக்கிறது, பழக்கிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் பிழை அந்த நினைப்பு. பிள்ளை ஆயத்தமா என்று நான் பார்க்கவே இல்லை. நேசரி தொடங்கும் திகதியைத்தான் பார்த்தேன். பிள்ளை ஆயத்தம் என்பதற்குச் சில அடையாளங்கள் உண்டு. இரண்டு மணி நேரமாவது பம்பர்ஸ் நனையாமல் இருக்க வேண்டும். நனைந்தால் அது அவனுக்கு அருவருப்பாக இருக்க வேண்டும், வந்து சொல்ல வேண்டும். காற்சட்டையைத் தானே இறக்கி ஏற்றத் தெரிய வேண்டும். மற்றவர்கள் மலசலகூடம் போவதைப் பார்க்க ஆசைப்பட வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில் வரும், ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிந்தும். என் மகனிடம் அப்போது இருந்தது முதல் அடையாளம் மட்டும்தான்.

இரண்டாவது பிழை, மார்கழியில் தொடங்கியது. திருகோணமலையில் ஐப்பசி முதல் தை வரை மாரி. முற்றம் சேறு, கொடியில் உடுப்புக் காயாது, தரை ஈரம். முதல் நாள் மட்டும் பதினொரு காற்சட்டை. அவற்றை மின்விசிறிக்குக் கீழே கதிரைகளில் விரித்துப் போட்டு, அதுவும் காயாமல், கடைசியில் இஸ்திரிப் பெட்டியால் காயவைத்தேன். இடையில் கடையில் ஆட்கள் கூப்பிடுவார்கள். ஓடிப்போய்ப் படி எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தால் நடு அறையில் குளம். இதே வேலையைச் சித்திரை, வைகாசியில் தொடங்கியிருந்தால் பிள்ளையை மணல் முற்றத்தில் இடுப்புக்குக் கீழே வெறுமேனியாக விட்டிருக்கலாம். கச்சான் காற்றில் ஒரு மணி நேரத்தில் எல்லாம் காயும். மாரியில் தொடங்காதீர்கள் என்று எனக்கு ஒருவர் சொல்லியிருந்தால் அதுவே பெரிய உதவி.

அரை மணிக்கு ஒரு தரம் அவனைத் தூக்கி அந்த வாத்தில் இருத்தினேன். ஈரம் பட்டால் பாட்டுத் தொடங்கும். முதல் முறை சூ போனதும் கீழே இருந்து திடீரென்று சத்தம் வர, பிள்ளை துடித்துக்கொண்டு எழுந்து ஓடினான். அதற்குப் பிறகு அந்த நிறத்தைக் கண்டாலே அழுகை. நான் விடவில்லை. காசு கொடுத்து வாங்கியிருக்கிறேனே என்ற எண்ணம். ஐந்தாம் நாள், கடையில் சனம் நிற்கும்போது அவன் மெத்தையில் கக்கா போய்விட்டான். நான் சத்தம் போட்டேன். அடிக்கவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்து அவன் சுவரோடு ஒட்டி நின்றது மறக்க முடியாதது. அன்றிலிருந்து அவன் கக்கா போவதை நிறுத்திவிட்டான்.

இதுதான் இந்தக் கதையில் நான் உரத்துச் சொல்ல விரும்பும் இடம். பிள்ளை திரைச்சீலைக்குப் பின்னால் போய் நிற்பான். நுனிக்காலில் நின்று, இரண்டு தொடையையும் இறுக்கி, முகம் சிவக்க முக்குவான். போக முயற்சி செய்கிறான், வரவில்லை என்று நினைத்து நான் மீண்டும் மீண்டும் தூக்கிப் போய் இருத்தினேன். உண்மையில் அவன் போகாமல் இருக்க முயன்றுகொண்டிருந்தான். அடக்க அடக்க மலம் இறுகும். இறுகியது வெளியே வரும்போது வலிக்கும். வலித்தால் அடுத்த முறை இன்னும் அடக்குவான். அடக்கத் தொடங்கிய ஆறாம் நாள் ஒருவாறு போனபோது இரத்தம் கலந்திருந்தது. அவன் கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

தை மாதம் நேசரிக்குக் கொண்டுபோய் விட்டேன். மூன்றாம் நாள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். பழக்கிவிட்டுக் கொண்டு வாருங்கள் என்றார்கள், கட்டிய காசு திரும்பவில்லை. அதோடு இன்னொரு குழப்பம் தொடங்கியது. காற்சட்டையில் எந்நேரமும் தண்ணீராகக் கொஞ்சம் கொஞ்சம் கசிந்துகொண்டே இருந்தது. வயிற்றோட்டம் என்று முடிவெடுத்து, பப்பாசியையும் கீரையையும் நிறுத்தி, சோற்றுக் கஞ்சியும் அவித்த அப்பிளும் கொடுத்தேன். பாமசியில் கேட்டு ஓட்டத்துக்கு மருந்தும் வாங்கினேன். எல்லாமே தலைகீழ். பெருங்குடலின் முடிவில் இறுகிய மலம் அடைத்திருக்க, அதைச் சுற்றி வழிந்து வந்த நீர்தான் அது. மூன்று கிழமை அந்தப் பிழையான வைத்தியத்தைச் செய்தேன். அந்த நாட்களில் மாலையில் கடையைப் பூட்டிவிட்டுச் சுவரில் சாய்ந்து அழுதிருக்கிறேன். மனைவியிடம் போனில் எல்லாம் சரி என்று சொன்னேன். தூர இருப்பவரை ஏன் கவலைப்படுத்துவான் என்று நினைத்தது அடுத்த பிழை.

மாசி மாதம் ஒரு பிள்ளை வைத்தியரிடம் கொண்டு போனோம். அவர் மகனின் அடிவயிற்றில் இடப்பக்கம் என் கையை வைத்து மெதுவாக அமர்த்திக் காட்டினார். உருண்டையாகக் கட்டி தட்டுப்பட்டது. நீண்ட நாள் அடக்கினால் குடலின் அந்தப் பகுதி விரிந்து உணர்ச்சி குறைந்துவிடும், கசிவதே பிள்ளைக்குத் தெரியாது, அதற்கு ஏசுவது நியாயமில்லை என்று விளங்கப்படுத்தினார். நான் ஏசியிருந்தேன். தலை நிமிர முடியவில்லை.

அவர் சொன்னவற்றைச் செய்தோம். மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் பாணி, அளவை அவரே எழுதித் தந்தார். மருந்து கொடுத்துப் போகத் தொடங்கியதும் நிறுத்திவிடக் கூடாது, விரிந்த குடல் பழைய நிலைக்கு வர மாதக்கணக்காகும் என்பதை இரண்டு தரம் சொன்னார். மகன் ஒரு நாளைக்கு ஐந்து போத்தல் பால்மா குடித்துக்கொண்டிருந்தான். அதை இரண்டாகக் குறைத்தோம். பால் கூடினால் மலம் இறுகும், மற்றச் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமும் இருக்காது. தண்ணீர், பப்பாசி, கீரை, தோலோடு பயறு. அதற்கு மேல் அவர் சொன்ன விடயம்தான் எனக்கு ஆச்சரியம்: பழக்குவதை முற்றாக நிறுத்துங்கள், பம்பர்ஸைத் திரும்பப் போடுங்கள். பின்வாங்கினால் பிள்ளை பழகவே மாட்டான் என்று நான் நம்பியிருந்தேன். பம்பர்ஸ் போட்ட அன்றே அவன் தோள் தளர்ந்து சிரித்ததைப் பார்த்தேன்.

அடுத்த இரண்டு மாதமும் மலசலகூடம் என்ற பேச்சே எடுக்கவில்லை. இளகிய மலம், வலியில்லாத கக்கா, அது மட்டும்தான் நோக்கம். விளையாட்டுக் காட்டி, பரிசு கொடுத்துப் பழக்கும் வழிகளைப் பலர் சொல்வார்கள். நல்லவைதான். ஆனால் வலி இருக்கும் பிள்ளையிடம் எந்த விளையாட்டும் எடுபடாது. முதலில் வலி போக வேண்டும், அதன் பிறகு பயம் போக வேண்டும், விளையாட்டு அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றிச் செய்ததற்குத்தான் எனக்கு இத்தனை செலவு.

பயம் போனது ஒரு மானால். திருகோணமலைக்கு வந்தவர்களுக்குத் தெரியும், பிரெட்ரிக் கோட்டைப் பக்கமும் கடற்கரைப் பக்கமும் புள்ளிமான்கள் ஆடு மாடு போலத் திரியும். சித்திரை மாதத்தில் ஒரு ஞாயிறு கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் ஒரு மான் எங்கள் முன்னால் நின்றபடியே புழுக்கை போட்டுவிட்டுப் போனது. மகன் குந்தியிருந்து பார்த்தான். "மானுக்கும் கக்கா வருமா அப்பா?" என்றான். வரும் என்றேன். "அழேல்லையே?" என்றான். வலிக்கவில்லை, அதனால் அழவில்லை என்றேன். அன்று வீட்டுக்கு வந்ததும் காகம், பூனை, பல்லி, மாமா, அம்மம்மா எல்லாருக்கும் கக்கா வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். எல்லாருக்கும் வரும் என்று நானும் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். சூ, கக்கா என்ற சொற்களை வெட்கமில்லாமல் வீட்டில் பேச விடுங்கள். வாயால் சொல்லக் கூச்சப்படும் பிள்ளை வந்து எப்படிச் சொல்வான்?

வைகாசியில் அவனுக்கு மூன்று வயது முடிந்தது. மழையும் இல்லை. மறுபடி தொடங்கினேன், இந்த முறை முற்றத்தில். காலையில் காற்சட்டை இல்லாமல் மணலில் விளையாட விட்டேன். சூ வரும்போது அது எங்கிருந்து வருகிறது, எப்போது வருகிறது என்று அவன் தன் கண்ணால் கண்டான். பம்பர்ஸுக்குள் இருந்த பிள்ளைக்கு அது தெரியாது. எங்கள் அம்மம்மா காலத்தில் கைக்குழந்தையைக் காலை நீட்டிப் பாதத்தின் மேல் இருத்தி, "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் வைத்துப் போக வைப்பார்கள். அந்தச் சத்தத்தை நானும் பயன்படுத்தினேன். தண்ணீர்க் குழாயைக் கொஞ்சம் திறந்துவிட்டாலும் வேலை செய்யும்.

அடுத்து, நான் போகும்போது கதவைத் திறந்துவிட்டு அவனையும் கூட்டிப்போனேன். தகப்பனைப் பார்த்து மகன் பழகுவது போல எதுவும் இல்லை. தகப்பன் வெளிநாட்டில் என்றால் மாமா, சித்தப்பா, பெரிய அண்ணா என்று ஒருவரைக் கேளுங்கள். ஆனால் நின்று போகப் பழக்க அவசரம் வேண்டாம். முதலில் சூவும் இருந்தே போகட்டும். இருக்கும்போது கக்காவும் சேர்ந்து வரும், நின்றே பழகிய பிள்ளை இருக்க மறுப்பான். கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்து, கையால் கீழ்நோக்கிப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தால் வெளியே பீச்சாது. எங்கள் வீட்டில் கொமட் என்பதால் மேலே வைக்கும் சின்ன வளையம் ஒன்று 950 ரூபாய்க்கு வாங்கினேன், காலுக்கு ஒரு பலகை. இந்தப் பலகை முக்கியம். கால் தொங்கினால் பிள்ளை விழப்போகிறேன் என்று உடம்பை இறுக்குவான். பாதம் பதிந்து, முழங்கால் இடுப்பை விடக் கொஞ்சம் உயர்ந்து இருந்தால் அடித்தசை தளர்ந்து வழி நேராகும். குந்தி இருக்கும் பழைய கக்கூஸில் இது தானாகவே நடந்தது.

இனி விளையாட்டு. திருகோணமலைப் பிள்ளைக்குக் கப்பல்தானே பைத்தியம். உட்துறைமுகப் பக்கம் மாலையில் கூட்டிப்போனால் நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை எண்ணுவான். ஒருநாள் கப்பலொன்று ஊதிய சத்தத்தைக் கேட்டுவிட்டு, வீட்டு வேலியில் நின்ற பூவரசில் ஓர் இலை பறித்துப் பீப்பீ செய்து தரச் சொன்னான். சுருட்டி, நுனியை நசுக்கிக் கொடுத்தேன். அதை ஊதிக்கொண்டே மலசலகூடத்துக்குள் போய் வளையத்தில் ஏறி இருந்தான். ஊத ஊத வயிறு அமுங்கி, கீழே தளர்ந்து, கக்கா வந்துவிட்டது. முக்கவும் இல்லை, பயப்படவும் இல்லை. வந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. "கப்பல் போயிட்டுது" என்று கத்தினான். நான் அவனைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் ஒரு சுற்று ஓடினேன். பிறகு வைத்தியரிடம் சொன்னபோது, இருக்கும்போது சவர்க்காரக் குமிழி ஊதுவது, பலூன் ஊதுவது எல்லாம் இதே காரணத்துக்காகச் சொல்லித்தரும் வழிதான் என்றார். மூச்சை வெளியே விட்டால் அடித்தசை இறுக்கிப் பிடிக்காது. பூவரசம் இலைக்குச் செலவும் இல்லை.

அன்றிலிருந்து காலைச் சாப்பாட்டுக்குப் பிறகும் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகும் ஐந்து நிமிடம் பீப்பீ நேரம். சாப்பிட்டதும் குடல் தானாக அசையத் தொடங்கும், அந்த நேரத்தைப் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. ஐந்து நிமிடத்துக்கு மேல் இருத்த வேண்டாம். வந்தாலும் வராவிட்டாலும் இறக்கிவிடுங்கள்.

நின்று சூ போகப் பழக்கியது ஆனியில். ஒரு வேப்பிலையைத் தண்ணீரில் போட்டு, அது எதிரிக் கப்பல், அதைத் தாழ்க்க வேண்டும் என்றேன். ஒரு நாளில் குறி பழகிவிட்டது. நெதர்லாந்தில் ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையத்தில் ஆண்கள் சிறுநீர் கழிக்கும் கிண்ணங்களில் ஓர் ஈயின் படத்தைப் பதித்திருக்கிறார்கள். கண்ணில் ஒன்று பட்டால் அதைக் குறிவைப்பது பெரிய ஆண்களுக்கும் இயல்பு, வெளியே சிந்துவது குறையும். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கேட்கவா வேண்டும். சில நாள் கேக்குக்குப் போடும் நீலச் சாயம் இரண்டு துளி விடுவேன், சூ விழுந்ததும் பச்சையாகும், அதைப் பார்க்கவே ஓடி வருவான். குந்தி இருக்கும் கக்கூஸ் என்றால் சோக்கால் ஒரு வட்டம் கீறினால் போதும்.

தண்ணீர் இழுக்கும் சத்தத்துக்கு அவன் முதலில் பயந்தான். அவனை வெளியே அனுப்பிவிட்டு நான் இழுத்தேன். பிறகு கதவடியில் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். இரண்டு கிழமையில் தானே இழுத்து டாட்டா காட்டினான். பரிசு விடயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சூ போனால் டொபி என்று தொடங்கினேன், அவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துத் தரம் போய்ப் பத்து டொபி கேட்டான். நிறுத்திவிட்டேன். அதற்குப் பதிலாகக் கடையில் மிஞ்சும் தாள்களின் பின்பக்கத்தில் கப்பல் படம் கீறி ஒட்டி, இருந்த ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கப்பலுக்கு அவன் நிறம் தீட்டினான். வந்ததற்குப் பரிசு இல்லை, இருந்ததற்கு மட்டும். வருவதும் வராததும் பிள்ளை கையில் இல்லையே.

சின்ன விடயங்கள் சில. சிப் வைத்த காற்சட்டை வேண்டவே வேண்டாம், தோல் சிக்கினால் காயம் பொல்லாதது. இலாஸ்டிக் மட்டும் போடுங்கள். பஸ்ஸில் போகும்போது வாய் அகன்ற போத்தல் ஒன்று கொண்டு போங்கள். வவுனியாப் பயணத்தில் எங்களுக்கு அது இரண்டு முறை கைகொடுத்தது. மூன்று வயது ஊசிக்குப் போன கிளினிக்கில் மருத்துவமாது ஒன்று சொன்னார்: கழுவும்போது ஆண்குறியின் முன்தோலை இழுத்துப் பின்தள்ள வேண்டாம், வெளியே கழுவினால் போதும், அது தானாகப் பிரியும். இதையெல்லாம் அவரிடம் மார்கழியிலேயே கேட்டிருக்கலாம். கிளினிக்கில் நிற்பது எல்லாம் தாய்மார் என்று நான் கூச்சப்பட்டு வாய் திறக்கவில்லை. தகப்பன்மாரே, கேளுங்கள். அவர்கள் சந்தோஷமாகத்தான் சொல்லித்தருகிறார்கள்.

கணக்கைப் பார்த்தால், நேசரிக்குக் கட்டியது 13,500, வாத்து 6,800, வைத்தியரிடம் மூன்று தரம் போனது 7,500, மருந்தும் மெத்தை உறையும் 4,000 அளவில். கிட்டத்தட்ட 32,000 ரூபாய். கடை பூட்டிய நாட்களை இதில் சேர்க்கவில்லை. பம்பர்ஸையும் சேர்க்கவில்லை, அது எப்படியும் வந்திருக்கும் செலவு.

ஆடி முடிவில் பகலில் முழுதாகப் பழகிவிட்டான். இரவில் இப்போதும் பம்பர்ஸ்தான். இரவில் நனையாமல் இருப்பது பழக்கத்தால் வருவது குறைவு, தூக்கத்தில் சிறுநீர் சுரப்பதைக் குறைக்கும் ஹோர்மோனும் மூளையும் முதிர்ந்து வர வேண்டும். ஐந்து வயது வரை நனைப்பது சாதாரணம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார், ஆகவே நான் நடுச்சாமத்தில் எழுப்புவதில்லை. லாக்டுலோஸ் பாணியைப் புரட்டாதியிலிருந்து படிப்படியாகக் குறைத்து, கார்த்திகையில் நிறுத்தினோம். இந்தத் தையில் வேறு நேசரியில் சேர்த்தோம். முதல் கிழமை அங்கே கக்கா போகாமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தான். எனக்குப் பழைய பயம் திரும்ப வந்தது. மறுநாள் ஆசிரியையிடம் விடயத்தைச் சொல்லி, அவன் பையில் நான்கு பூவரசம் இலை வைத்து அனுப்பினேன். மதியம் கூப்பிடப் போனபோது நேசரி வாசலிலேயே பீப்பீச் சத்தம் கேட்டது. ஆசிரியை இன்னும் இரண்டு பிள்ளைகளுக்கும் இலை கேட்டிருக்கிறார், நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பறிக்க வேண்டும்.